தடை உத்தரவைத் தமிழில் ஒட்டுங்கள்

(மூணாறில் தோட்டத் தொழிலாளர்களிடையே பேசியது)

தாய்மார்களே, தோழர்களே,

கூட்டம் கூடக் கூடாதென்று போடும் தடை உத்தரவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 2015 செப்டம்பரில் இந்த டவுன் ரோட்டில் உட்கார்ந்தவர்கள் உங்களில் பலர். கொழுந்து பறிக்கும் பெண்கள், எந்தச் சங்கத்தின் கொடியும் இல்லாமல், 20 சதவீத போனஸ் கேட்டு உட்கார்ந்தீர்கள். ஆயுதமின்றி, அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு தந்திருக்கிறது. பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. எது நியாயம் என்பதில்தான் வழக்குகள் எல்லாம்.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் வழி உண்டு. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். உள்ளே பிரசவ வலியில் கிடப்பவள் நம் வீட்டுப் பெண். அந்த வாசலில் கோஷம் வேண்டாம். கோயில், சர்ச், பள்ளிவாசல் படிகளையும் வழிபாட்டு நேரத்தில் மறிக்க வேண்டாம்.

ஆனால் அதைக் காட்டி ஊர் முழுவதையும் பூட்டக் கூடாது. தெருவில் கூட்டமே கூடாதென்று ஒட்டுமொத்தமாகத் தடுக்க முடியாது என 1973இலேயே ஹிம்மத்லால் ஷா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பொதுவழியைக் காலவரையின்றி அடைக்கக் கூடாது என்று 2020இல் டெல்லி ஷாஹீன்பாக் சாலை மறியல் வழக்கில் சொன்னதும் அதே கோர்ட்தான். 2018இல் சபரிமலையில் கூட்டம் கூடத் தடை போட்டபோதுகூட சன்னிதானம், பம்பை, நிலக்கல், இலவுங்கல் என்று இடம் குறித்தார்கள். சில நாட்களுக்குப் போட்டுத்தான் நீட்டினார்கள். நம் ஊருக்கும் அந்த அளவு கறார் வேண்டும்: எந்த வளைவிலிருந்து எந்தப் பாலம் வரை, எந்தத் தேதி வரை.

நாம் 144 என்று சொல்லிப் பழகிய தடை உத்தரவுப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163ஆவது பிரிவு. மாஜிஸ்திரேட் போடும் உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் ஓடாது. அதற்கு மேல் நீட்ட மாநில அரசால்தான் முடியும். உத்தரவை வெளியிட்டே ஆகவேண்டும் என்று 2020இல் காஷ்மீரில் போட்ட தடைகள் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வந்திருக்கிறது.

வெளியிட்டால் போதுமா? லயத்தில், நம் தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கும் எத்தனை பாட்டிமாருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும்? வாசிக்க முடியாத தாளை மீறினாள் என்று ஒருத்தியை வண்டியில் ஏற்றுவது அநியாயம். கேரளத்துத் தமிழர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வரவேண்டும் என்கிறது 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம். கடிதத்துக்கே தமிழ் உண்டென்றால், கைது வரை போகும் உத்தரவுக்குக் கட்டாயம் வேண்டும். அதைத் தமிழில் எழுதி, காலையில் மஸ்டர் (ஆஜர்) போடும் இடத்தில் ஒட்டட்டும்.

இன்னொன்று. தடையை ரத்து செய்யக் கேட்டு, போட்ட அதிகாரியிடமே மனு கொடுக்கலாம். அவர் சீக்கிரம் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும், தள்ளினால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அடுத்த தடை வந்தால் தேவிகுளம் சப் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போவோம், அதைத் தமிழிலேயே எழுதுவோம்.