கூந்தன்குளத்துக்கு எப்போது போகலாம்? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி பாளையங்கோட்டைத் தம்பி ஒருவருடையது. “அண்ணாச்சி, புரட்டாசியில் கூந்தன்குளம் போனோம். வெடித்த மண்ணும் நாலைந்து கொக்குகளும்தான் இருந்தன. எந்த மாதம் போனால் பறவைகளைப் பார்க்கலாம்? அப்பாவுக்கு முட்டுவலி, அதிகம் நடக்க மாட்டார். பைனாகுலர் வாங்க வேண்டுமா?”

தம்பி, புரட்டாசியில் அங்கே வேறு என்ன இருக்கும்? ஐப்பசி, கார்த்திகை மழை பெய்ய வேண்டும், மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வந்து சேர வேண்டும். ஆனி, ஆடியில் மறுபடி வற்றிவிடும். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த செய்தியும் வந்தது. எல்லாம் சரி, ஆனால் அது அடிப்படையில் பாசனக் குளம். மொத்தமே சுமார் 129 ஹெக்டேர்தான். மழை பொய்த்த வருடம் தையில் போனாலும் ஏமாற்றம்தான். அதனால் மூலைக்கரைப்பட்டிப் பக்கம் தெரிந்தவர் இருந்தால், குளத்தில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

தண்ணீர் தளும்பினால் ரொம்ப நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். நிறைகுளத்தில் வாத்தும் நாமக்கோழியும் கூழைக்கடாவும் நீந்தும். நெடுங்கால் உள்ளான், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் காலூன்றி நின்று இரை தேடுபவை. தண்ணீர் வடிந்து ஓரத்துச் சேறு தெரிய ஆரம்பித்தால்தான் அவற்றுக்குச் சாப்பாடு. பூநாரை வருவதாக இருந்தாலும் அப்போதுதான். என்னைக் கேட்டால் தைக் கடைசியிலிருந்து மாசி முடிய உள்ள நாட்களைச் சொல்வேன். வரித்தலை வாத்தும் கிளம்பிப் போயிருக்காது. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும், இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. பகலில் சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள், அது பெரும்பாலும் இரவில்தான் வயல்களில் மேயும்.

அப்பாவைப் பற்றிக் கவலையே வேண்டாம். கரை முழுக்க அவர் நடக்க வேண்டியதில்லை. குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் இருக்கிற மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. வீட்டு வாசலுக்கு மேலேயே மஞ்சள் மூக்கு நாரை குஞ்சு வைத்திருக்கும். ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோய் நிழலில் போட்டு அவரை உட்கார வையுங்கள். வெயில் ஏறினால் தாய் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுக்குக் குடை பிடிக்கும். அதை ஒரு மணி நேரம் பார்த்தாலே போதும், கரையைச் சுற்றி ஓடுகிறவர்களைவிட அவர் அதிகம் பார்த்திருப்பார். அண்ணாந்து பார்க்கும்போது தலையில் எச்சம் விழும், துண்டு ஒன்று இருக்கட்டும்! அந்த ஊர்க்காரர்கள் அதை முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொள்கிறார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசுகூட வெடிப்பதில்லை. நாம் போய்ப் பாட்டை அலறவிடுவதும், குஞ்சைப் படம் எடுக்கக் கூட்டுக்கடியில் கைதட்டுவதும் எந்த ஊர் நியாயம்?

பைனாகுலர் உடனே வாங்க வேண்டாம். மரத்து நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் வெறுங்கண் போதும். பிறகு ஆசை வந்தால் 8×42 என்று கேட்டு வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். கடைக்காரர் இருபது மடங்கு என்று ஆசை காட்டுவார், கையில் பிடித்தால் குளமே ஆடும்.

காலை ஆறரைக்குள் அங்கே இருங்கள். நெல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். வெயிலை முதுகுக்குப் பின்னால் விட்டு நில்லுங்கள், இல்லையென்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும்.

நாள் முழுக்க இருக்கிறது என்றால் சாயங்காலம் மணப்பாட்டுக்கு விடுங்கள். இப்போது தூத்துக்குடி மாவட்டம், ஆனாலும் பழைய நெல்லைச் சீமைதான். கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில் ஆலா என்கிற கடற்கரைப் பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அங்கே மணலில் கால் புதைய நடக்க வேண்டும், அப்பா வண்டியிலேயே இருக்கட்டும். நாலு மணிக்கு முன்னால் போகாதீர்கள், மணல் சுடும்.