பழைய வெர்ஷனுக்கு எப்போது டாட்டா சொல்வது?

வணக்கம் நண்பர்களே. நாலைந்து பேர் ஓய்வு நேரத்தில் கட்டிக் காக்கும் ஓப்பன் சோர்ஸ் (யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்) ப்ராஜெக்ட் ஒன்று. பழைய வெர்ஷனுக்கு சப்போர்ட்டை எப்போது நிறுத்துவது? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

'எத்தனை பேர் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து நிறுத்தலாமே' என்பீர்கள். அந்தக் கணக்கைப் பார்த்தால் எந்தக் காலத்திலும் நிறுத்த முடியாது. ஓடிக்கொண்டிருப்பதை யார் தானாக மாற்றுவார்கள்? பைத்தான் என்ற நிரல்மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கு 2015-தான் கடைசி என்றார்கள். அப்புறம் 2014-ல் அதை 2020-க்குத் தள்ளினார்கள். அந்தச் சுமை லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தொகுப்பு) எழுதுபவர்கள் தலையில் விழுந்தது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத 2, 3 இரண்டிலும் ஒரே நிரல் ஓட வேண்டும். ஐந்து பைத்தான் வெர்ஷன், மூன்று இயங்குதளம் என்றால் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் டெஸ்ட் 15 தடவை ஓட வேண்டும்!

எனக்கு ரொம்பப் பிடித்தது, பைத்தானை ஊடாடிப் பயன்படுத்த உதவும் ஐபைத்தான் கருவியின் குழு செய்த வேலை. 2017 ஏப்ரலில் வந்த 6.0-ல் பைத்தான் 2-ஐ விட்டுவிட்டார்கள். ஆனால், தொகுப்பின் விவரத்திலேயே 'பைத்தான் 3.3 அல்லது அதற்கு மேல் வேண்டும்' என்று ஒரு வரி எழுதி வைத்தார்கள். பைத்தான் தொகுப்புகளை இன்ஸ்டால் செய்யும் கருவி பிப். 2016 நவம்பரில் வந்த பிப் 9 அந்த வரியைப் படிக்கும். பைத்தான் 2 வைத்திருப்பவர் இன்ஸ்டால் செய்தால், 6.0-ஐத் தொடாமல் சத்தமில்லாமல் பழைய 5.x வரிசையை எடுத்துக் கொடுக்கும். பழைய பிப் வைத்திருந்தவருக்கு இன்ஸ்டால் நின்றுபோகும். ஆனால் 'முதலில் பிப்பை அப்டேட் செய்யுங்கள்' என்ற செய்தியும் சேர்ந்தே வரும். நிறுத்துவது இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

எண் கணக்குகளுக்கான பைத்தான் லைப்ரரியான நம்பையின் குழு 2017-லேயே தேதியைச் சொல்லிவிட்டது: 2019 தொடக்கத்திலிருந்து புது வசதிகள் பைத்தான் 3-க்கு மட்டும், பழையதற்கு அந்த ஆண்டு முழுக்கப் பிழைத் திருத்தம் மட்டும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் இதே பஞ்சாயத்து வேண்டாம் என்று, 2019-ல் பொது விதி ஒன்றையே முன்வைத்தார்கள். ஒரு பைத்தான் வெர்ஷன் வெளியாகி 42 மாதம் ஆகிவிட்டால், அடுத்த ரிலீஸில் அதை விட்டுவிடலாம் என்பதுதான் அன்றைய விதி. வாக்குவாதமே கிடையாது, காலண்டரைப் பார்த்தால் போதும்.

இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற கருவியின் குழு இன்னும் கறார். அங்கே பழைய வெர்ஷனைத் தனியாகப் பராமரிக்கும் கிளையே கிடையாது, சப்போர்ட் கடைசி ரிலீஸுக்கு மட்டும்தான். பழையதில் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமா? அதை லினக்ஸ் விநியோகங்கள் (லினக்ஸ் இயங்குதளத்தைத் தொகுத்து வெளியிடுபவர்கள்) தாங்களே சேர்த்துக்கொள்கின்றன. சின்னக் குழுவுக்கு இதுவே சரி என்பது என் கட்சி.

'எங்கள் கம்பெனியில் பழையதுதான் ஓடுகிறது, என்ன செய்வது' என்கிறீர்களா? ரெட் ஹேட் நிறுவனம் தன் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7-ல் பைத்தான் 2.7-ஐ 2024 ஜூன் வரை தாங்கிப் பிடித்தது, சந்தா வாங்கிக்கொண்டுதான். அவசியம் இருப்பவர் அங்கே காசு கொடுக்கட்டும். ஓசியில் எழுதுபவரிடம் போய் 'ஏன் நிறுத்தினாய்' என்று சண்டை போடாதீர்கள், ப்ளீஸ்.