பார்த்தால் புரியும், போட்டால் வருமா?

மாணவ மாணவியரே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோரே, வணக்கம்.

கணக்குத் தேர்வு எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளைகள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: “எல்லாம் தெரிந்த கணக்குதான் சார், உள்ளே போனதும் வரவில்லை.” அவர்கள் பொய் சொல்லவில்லை. பார்த்தால் புரிகிற அளவுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். ஆசிரியர் பலகையில் போடும்போது வரிக்கு வரி தலையாட்டியிருப்பார்கள். முந்தின நாள் இரவு தீர்வுகளைப் புரட்டி, ‘இது தெரியும், இதுவும் தெரியும்’ என்று பக்கங்களைத் தள்ளியிருப்பார்கள். அடுத்த வரியைப் புத்தகமே சொல்லிவிடும்போது யோசிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

அதனால் முதலில் புத்தகத்தை மூடப் பழகுங்கள். மாதிரிக் கணக்கை ஒருமுறை படித்து, மூடிவைத்து, வெற்றுத்தாளில் போடுங்கள். நடுவில் சிக்கினால் உடனே திறக்காதீர்கள், கொஞ்சம் முட்டி மோதுங்கள். அப்புறமும் வராவிட்டால் சிக்கிய வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். இரண்டு நாள் கழித்து எண்களை மாற்றி அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது, கணக்குகளைக் கலந்து போடுவது. இதைப் பலர் செய்வதே இல்லை. 2007-இல் ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவு காணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வகையாக முடித்துக்கொண்டு போனது. இன்னொரு குழு நான்கையும் கலந்து போட்டது. பயிற்சியின்போது முதல் குழுவின் விடைகளில் 89 விழுக்காடு சரி, கலந்து போட்டவர்களுக்கு 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால், முதல் குழுவுக்கு 20 விழுக்காடு, கலந்து போட்டவர்களுக்கு 63!

காரணம் எளிது. ‘இருபடிச் சமன்பாடுகள்’ என்று தலைப்புப் போட்ட பாடத்தின் கீழ் வரும் கணக்குக்கு எந்த முறை என்பதைத் தலைப்பே காட்டிக்கொடுத்துவிடும். வினாத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. எந்த முறை என்று கண்டுபிடிப்பதே அங்கே பாதி வேலை. ஆகவே பாடம் முடிந்ததும், பழைய பாடங்களிலிருந்து நாலைந்து கணக்குகளை எடுத்து, கலைத்துப் போட்டுப் பாருங்கள். குறைவாகத்தான் வரும், எரிச்சலாகவும் இருக்கும். விடாதீர்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 3 மீட்டர் அதிகம், பரப்பு 70 சதுர மீட்டர். அகலம் என்ன? அகலத்தை அ என்று வைத்தால் அ(அ + 3) = 70. அதாவது அ² + 3அ − 70 = 0. காரணிப்படுத்தினால் (அ + 10)(அ − 7) = 0. அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது, எனவே 7 மீட்டர். அவசரத்தில் குறிகளை மாற்றி (அ − 10)(அ + 7) என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு அகலம் 10 வரும், நீளம் 13, பெருக்கினால் 130. கேள்வியில் இருப்பதோ 70. விடையைக் கேள்வியில் போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? அதைச் செய்யாமல்தான் ‘கவனக்குறைவு’ என்று பின்னால் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அந்தச் சொல்மேல் நம்பிக்கை இல்லை. திருத்திய தாள்களை அடுக்கிப் பாருங்கள், ஒரே ஆள் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருப்பார். ஒருவருக்கு அடைப்புக்குறிக்கு முன் நிற்கும் கழித்தல் குறி, இன்னொருவருக்குச் சென்டிமீட்டரை மீட்டராக்குவது. உங்களுடையது எது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிவையுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் அந்த நோட்டைப் புரட்டினால் போதும்.

படிகளை விடாமல் எழுதுங்கள். படிகளுக்கு மதிப்பெண் தரும் தேர்வில் இறுதி விடை தவறினாலும் கொஞ்சம் தேறும். நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். 3 மணி நேரம், 100 மதிப்பெண் என்றால் 5 மதிப்பெண் கேள்விக்கு 9 நிமிடம். சரிபார்க்கவும் நேரம் வேண்டும், அதனால் 7 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வழி தெரியாவிட்டால் இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு எந்தக் கணக்கு வரவில்லை என்று கேளுங்கள். பதில் வந்தால் திட்டாதீர்கள். திட்டினால் நாளைக்கு ‘எல்லாம் வந்தது’ என்றுதான் சொல்வார்கள்.

சரி, மாணவர்களே, கேள்விகளுக்கு வருவோம். யார் முதலில்?