பாதி ரேடியோ: செஞ்சேனைக்குக் கிடைச்ச காது

வணக்கம் மக்களே! சீன உள்நாட்டுப் போர்னு சொன்னாலே நேரா 1934 நெடும்பயணத்துக்குத் தாவிடுறோம். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி கைக்கு வந்த ஒரு ஒடஞ்ச ரேடியோ பத்திதான் இந்த வீடியோ.

பின்னணி சுருக்கமா. 1927 ஏப்ரல் 12, ஷாங்காய்ல தேசியவாதக் கட்சித் தலைவர் சியாங் கை-ஷேக் கம்யூனிஸ்டுகளோட இருந்த கூட்டணிய முறிச்சு அவங்கள வேட்டையாடுனாரு. அவங்க மலைப்பக்கம் ஒதுங்குனாங்க. 1930 கடைசியில ஜியாங்சி மாகாணத்துல கம்யூனிஸ்டுகளோட படையான செஞ்சேனை ஏறத்தாழ 40,000 பேர். சுத்தி வளைக்க வந்த சியாங்கோட தேசியவாதப் படை 1,00,000 பேர். இதுதான் முதல் முற்றுகை.

டிசம்பர் 30, லோங்காங். தேசியவாதப் படையோட 18-வது டிவிஷன செஞ்சேனை மலையிடுக்குல மடக்கிட்டாங்க, தளபதி சாங் ஹுவெய்சானே மாட்டிக்கிட்டாரு. கூடவே ஒரு ரேடியோ செட். அது என்ன சாமான்னே தெரியாத வீரர்கள் டிரான்ஸ்மிட்டர அடிச்சு நொறுக்கிட்டாங்க. மிஞ்சுனது ரிசீவர் மட்டும். பேச முடியாது, கேக்கலாம். அதனாலதான் ‘பாதி ரேடியோ’ன்னு பேர் நின்னுச்சு. சில நாள்லயே தோங்ஷாவ்ல ஒரு முழு செட்டும் கிடைச்சுது.

ஆனா என்னைக் கேட்டா, செட்ட விடப் பெரிய சொத்து அதோட பிடிபட்ட ஆபரேட்டர்கள்தான். வாங் ஜெங், லியூ யின் ரெண்டு பேரும் செஞ்சேனையிலயே சேந்துட்டாங்க. ஏன் ஆள் முக்கியம்னா, சீன எழுத்த நேரா மோர்ஸ்ல (புள்ளி-கோடு தந்தி முறை) அடிக்க முடியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் நாலு இலக்க எண் வெச்சிருந்தாங்க. ‘சீனா’ங்கிற சொல்லுக்கு ரெண்டு எழுத்து: 0022, 0948. இந்தப் பட்டியல் பொதுவானது, அப்போ எந்தத் தந்தி ஆபீஸ்லயும் இருந்துச்சு. ரகசியம் வேணும்னா அதுக்கு மேல ஒரு சங்கேதம் போட்டு எண்ணுங்கள மாத்தணும்.

தேசியவாதப் படை கோட்டை விட்டது இங்கதான். ‘இவங்ககிட்ட ஏது ரேடியோ?’ன்னு நெனச்சு, இடம் மாறுற சேதியையே சங்கேதம் இல்லாம அனுப்புனாங்க.

1931 மே. ரெண்டாவது முற்றுகை, இந்தத் தடவை 2,00,000 பேர். தோங்கு மலையில செஞ்சேனை மூணு வாரத்துக்கும் மேல பதுங்கிக் காத்திருந்துச்சு. எதிரி ஃபூதியன் ஊர விட்டு வெளிய வரவே இல்ல. மே 15 சாயங்காலம், எதிரியோட 28-வது டிவிஷன் ஆபரேட்டர் பின்தளத்து ஆபரேட்டர்கிட்ட சாதாரணமா சொல்றான்: நாளைக்குக் காலையில கெளம்புறோம், தோங்குக்கு. செஞ்சேனை அதக் கேட்டுடுச்சு, அது போதும். மறுநாள் வழியிலயே அடி விழுந்துச்சு. 15 நாள்ல 5 சண்டை, அஞ்சுலயும் ஜெயிச்சாங்க.

அப்புறம் எதிரி சங்கேதத்துக்கு மாறுனாலும், 1932-ல செஞ்சேனையோட செங் சிஷெங் குழு அதையும் ஒடைக்க ஆரம்பிச்சுடுச்சு.

அப்போ 1933-34 அஞ்சாவது முற்றுகையில செஞ்சேனை ஏன் தோத்துச்சு? சியாங் வேகமா முன்னேறுறத நிறுத்திட்டாரு. கொஞ்ச தூரம் நகரு, காவல்கோட்டை கட்டு, ரோடு போடு, மறுபடி நகரு. எதிரி எங்க இருக்கான்னு தெரிஞ்சு என்ன பண்றது, அவன் கோட்டைக்குள்ள உக்காந்திருக்கானே! பதுங்கி அடிக்கணும்னா அவன் வழியில நடந்து வரணும். முற்றுகைக்குள்ள இருந்த செஞ்சேனைப் பகுதியில உப்புக்கே பஞ்சம். போதாக்குறைக்கு செஞ்சேனைத் தலைமையும் நேருக்கு நேர் நின்னு அடிக்கப் பாத்துச்சு. 1934 ஏப்ரல்ல செஞ்சேனை கையில இருந்த குவாங்சாங் ஊர் விழுந்துச்சு.

அக்டோபர்ல ஏறத்தாழ 86,000 பேர் ஜியாங்சிய விட்டுக் கெளம்புனாங்க, அதுதான் நெடும்பயணம். ரேடியோவையும் சுமந்துக்கிட்டுத்தான் போனாங்க.