மருந்து ஊத்தாதீங்க! தருமபுரித் தொட்டியில் மீன் செத்தது இதனால்தான்

வணக்கம் மக்களே. இன்றைக்கு என் தொட்டி இல்லை, தருமபுரியில் அக்கா வீட்டுத் தொட்டி. பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், மூன்றடித் தொட்டி, வலது ஓரத்தில் வாலிஸ்னேரியா என்கிற நீர்ச்செடி மண்டிக் கிடக்குமே, அதேதான். தினமும் காலையில் ஒன்றிரண்டு மீன் செத்துக் கிடக்கிறது என்று மாமா போன் செய்தார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதற்காக 280 ரூபாய்க்கு ஒரு பாட்டில் மருந்து வாங்கி வந்திருக்கிறார் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

லேபிளைப் படித்தேன். மாலகைட் கிரீன், ஃபார்மலின். வெள்ளைப் புள்ளி நோய்க்கான மருந்து. மீன் உடம்பில் ஒரு புள்ளிகூடக் கிடையாது! ஃபார்மலின் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைக் குறைக்கும். ஏற்கெனவே மேலே வந்து வாயைப் பிளக்கிற மீனுக்கு இதை ஊற்றினால் என்ன ஆகும்? நல்லவேளை, மாமா மூடியைத் திறக்கவில்லை. கடைக்காரர் மீனைப் பார்க்கவில்லை, போட்டோ கேட்கவில்லை, எடுத்து நீட்டிவிட்டார். என்ன நோய் என்று தெரியாமல் மருந்து ஊற்ற நான் விடமாட்டேன், உங்களுக்குத்தான் தெரியுமே.

கடைக்காரர் இன்னொன்றும் சொன்னாராம்: ஒகேனக்கல் குடிநீரில் குளோரின் இருக்கும், அதனால்தான் சாகிறது என்று. அக்கா வீட்டில் தொட்டிக்கு ஊற்றுவது போர் தண்ணி. குளோரின் என்றால் தண்ணீர் மாற்றின அன்றே மீன் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே தண்ணீர் மாற்றாத நாட்களில்தான் செத்திருக்கிறது.

போன உடனே செத்த ரம்மிநோஸ் (மூக்குச் சிவந்த சின்ன மீன்) ஒன்றை எடுத்துப் பல்குத்தும் குச்சியால் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வாய் திறந்தபடியே இருந்தது, மூடியும் விரிந்து நின்றது. செவுள் காபி நிறத்துக்குப் போயிருந்தால் நைட்ரைட், அதாவது மீன் கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சு, என்று சந்தேகப்பட்டிருப்பேன். அப்படி இல்லை, செவுள் புழு இருந்தால் வரும் கோழையும் இல்லை. நம்ம பக்கத்துப் போர் தண்ணி கடினத் தண்ணி. பிஹெச், அதாவது அமில-கார அளவு, 8-ஐத் தொட்டால் கொஞ்சம் அம்மோனியாவே மீனை முடித்துவிடும், அதனால் அதையும் டெஸ்ட் செய்தேன். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம்.

அப்புறம் அக்கா ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்கள், அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. "காலையில உயிர் போற மாதிரி மேல நிக்குதுடா, மதியம் பார்த்தா கீழ இறங்கி நல்லாத் தின்னுது." அம்மோனியா மணி பார்த்து வராது, செவுள் புழுவும் வராது. விடியற்காலையில் மோசம், மதியம் சரி என்றால் அது மூச்சுக் கணக்கு. ராத்திரியில் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும், கார்பன் டை ஆக்சைடைத்தான் விடும். இந்த வெயிலில் தண்ணீர் 30 டிகிரி. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும், 30-இல் ஏழரைதான். ஆனால் செடி மட்டும் இவ்வளவு செய்யாதே?

செடிக்காக மாமா தொட்டியில் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு (சிஓ2) விடுகிறார். அது தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தால் காட்டுவது டிராப் செக்கர்: நீலம் குறைவு, பச்சை சரி, மஞ்சள் அதிகம். அது பச்சையாகத்தான் இருக்கிறது என்று மாமா சாதித்தார். எப்போது பார்த்தீர்கள் என்றால், ராத்திரி லைட் அணைக்கும்போதாம்! நான் அங்கேயே தங்கினேன். காலை ஐந்தரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் எலுமிச்சை மஞ்சள். ரம்மிநோஸ் மூக்குச் சிவப்பெல்லாம் வெளுத்துப்போய், தண்ணீர் மட்டத்தில் வரிசையாக நிற்கின்றன. அதே தொட்டியில் இருக்கும் கௌராமி மீன் சாகவில்லை, அது காற்றை நேராக எடுக்கும். ஆனால் உடம்பிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும், அதனால் அதுவும் மந்தமாகத்தான் கிடந்தது.

அடடா, முக்கியமானதைச் சொல்லாமல் ஓடுகிறேன். சிஓ2 சிலிண்டரின் சோலினாய்டு வால்வை (கரண்டில் கேஸைத் திறந்து மூடுவது) ஒரு மெக்கானிக்கல் டைமரில் மாட்டியிருக்கிறார் மாமா. வட்டமாகச் சுற்றுமே, கால் மணிக்கு ஒரு பல், அந்த வகை. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், வந்தால் நின்ற இடத்திலிருந்து சுற்றும். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க ஒரு நாள் கரண்ட் இல்லை, அப்புறம் கோடை மழைக்குச் சாயங்காலச் சாயங்காலம் வெட்டு. விடியற்காலை ஆறு மணிக்கு டைமர் முகத்தைப் பார்த்தால் சாயங்காலம் நாலரை காட்டுகிறது! சாயங்காலம் ஐந்துக்கு நிற்க வேண்டிய கேஸ் ராத்திரி முழுக்கப் போயிருக்கிறது. லைட்டை மட்டும் அக்கா ஒன்பது மணிக்குக் கையால் அணைத்துவிடுகிறாள்.

இப்போது டைமர் கதை. பேட்டரி பேக்கப் உள்ள டிஜிட்டல் டைமர், தருமபுரியில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் 650 சொன்னார். நான் கிளம்புகிற மாதிரி வாசல்வரை வந்தேன். 580. நின்றேன். பெட்டி கிழிந்திருக்கிறதே என்றேன். 520. மாமா பக்கத்தில் நெளிகிறார், "விடு மாப்ளே, கொடுத்துடலாம்" என்கிறார். விடுவேனா? 480-க்கு முடித்து, ஒரு பிளக்கும் ஓசியில் வாங்கினேன். அந்த 280-ஐ இப்படித்தான் ஓரளவு மீட்க முடிந்தது.

இப்போது செட்டிங் இது: கேஸ் லைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே நிற்கும். ஃபில்டரின் தண்ணீர் விழும் குழாயை மேலே தூக்கிவிட்டேன், மட்டத்தில் அலை ஓடுகிறது, எண்ணெய்ப் படலமும் உடைந்துவிட்டது. லைட் அணைந்ததும் ஏர் பம்ப். ஆமாம், வழக்கம்போல மறுபடியும் ஏர் பம்ப்தான், கமெண்டில் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஏர் டியூபில் செக் வால்வு போட மறக்காதீர்கள். கரண்ட் போனால் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி வந்து பம்புக்குள் போய்விடும்.

நேற்று காலை மாமா வீடியோ அனுப்பினார். எல்லாம் கீழே இருக்கின்றன, செக்கர் நீலம். பாட்டிலைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்களாம். அக்கா அதை ஷெல்ஃபில் அலங்காரமாக வைத்திருக்கிறாள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வை என்று சொல்லியிருக்கிறேன், ஃபார்மலின் விளையாட்டில்லை. அடுத்த வீடியோவில் சிலிண்டர் ரீஃபில், வழியில் காவேரிப்பட்டினத்தில் வாங்கின நிப்பட்டையும் காட்டுகிறேன், மிச்சம் இருந்தால்.