கரையாத மருந்தும் கட்டன் சாயாவும்

நேயர்களுக்கு வணக்கம். கேரளத்துத் தேயிலை மலையான வண்டிப்பெரியாற்றில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். ஆனி, ஆடி மழை இறங்கிவிட்டால் எஸ்டேட் லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள் அதிகம் கேட்பது படர்தாமரைக்கு மருந்து. இடுப்பில் இறுகக் கட்டிய படங்குத் துணி, நனைந்த துணி, நாள் முழுதும் கொழுந்து பறிப்பு. பூஞ்சை குடியேற வேறென்ன வேண்டும்?

சென்ற மழையில் ஓர் அக்கா வந்தார். மருத்துவர் பூஞ்சைக்கு எழுதிய இட்ராகோனசோல் கேப்சூலை ஒரு நாளும் விடாமல் விழுங்கியிருக்கிறார், அரிப்பு குறையவில்லை. "போலி மருந்தா தம்பி?" என்று கேட்டார். எப்போது சாப்பிடுகிறீர்கள் என்றேன். விடியற்காலையில், வேலைக்கு இறங்குமுன், வெறும் வயிற்றில், பால் விடாத கட்டன் சாயாவோடு. நெஞ்செரிச்சலுக்கான ஒமிப்ரசோலும் அதே மடக்கில். வாங்கிய கடையில் கவர்மேல் '1' என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மருந்து நல்ல மருந்துதான். அவருடைய இரத்தத்துக்குப் போதிய அளவு போய்ச் சேரவில்லை என்பதே என் கணிப்பு. குடல் சுவர், கரைந்ததைத்தான் உள்ளே விடும். இட்ராகோனசோல் தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. இரைப்பையின் அமிலத்தில்தான் ஓரளவு கரையும். ஒமிப்ரசோல் அந்த அமிலத்தையே குறைத்துவிடுகிறது. சாப்பாடு உள்ளே போகும்போது அமிலம் நன்றாகச் சுரக்கும். அதனால்தான் இந்தக் கேப்சூலை வயிறாரச் சாப்பிட்டவுடன் விழுங்கச் சொல்கிறார்கள்.

அந்தக் கேப்சூலுக்குள் இருக்கும் சிறு உருண்டைகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்புதான். சர்க்கரை மணிகளின்மேல் மருந்தையும், நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான ஒரு பாலிமரையும் கலந்து பூசியிருக்கிறார்கள். பூச்சில் மருந்து படிகமாக இல்லை. கற்கண்டையும் பஞ்சுமிட்டாயையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் சர்க்கரைதான். கற்கண்டில் மூலக்கூறுகள் வரிசை கட்டி இறுகியிருக்கின்றன. பஞ்சுமிட்டாயில் அந்த வரிசை இல்லை, இழையும் மெல்லியது, நாக்கில் பட்டதும் போய்விடுகிறது. படிகம் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு எய்ட்ஸ் மருந்தான ரிடோனவிர் சாட்சி: குறைவாகக் கரையும் புதிய படிகம் ஒன்று தலைகாட்டியதால் 1998-இல் அதன் கேப்சூல்களையே சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

மருந்தைக் கரைய வைக்க இன்னொரு வழி பொடியாக்குவது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக்கினால் நீர் படும் பரப்பு பத்து மடங்காகும். படர்தாமரைக்கு முன்பு அதிகம் கொடுத்த கிரிசியோஃபுல்வினை அப்படித்தான் மைக்ரான் அளவுக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்குக்கு, நுணுக்கினார்கள். கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால் அது இன்னும் நன்றாக உடலில் சேரும். நம் வீட்டுத் தேங்காய் அரைத்த குழம்பும் மத்தி வறுவலும் போதும்.

இதைக் கேட்டுவிட்டு எல்லா மருந்தையும் சோற்றுக்குப் பின் தள்ளிவிடாதீர்கள். தைராய்டு குறைவுக்கான தைராக்சின் வெறும் வயிற்றுக்கு உரியது. இட்ராகோனசோலிலேயே திரவ வடிவம் உண்டு. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளையச் சர்க்கரை மருந்தைத் தன் குழிக்குள் ஏந்தி முன்பே கரைத்து வைத்திருப்பதால், அதை வெறும் வயிற்றில்தான் கொடுக்கிறார்கள். ஒரே பெயர், நேர்மாறான முறை. கவரில் '1' என்று எழுதும் கை, அதன் பக்கத்தில் 'சாப்பிட்டவுடன்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? மருந்து விற்கும் நண்பர்களிடம் வருத்தத்தோடு கேட்கிறேன்.

அக்காவை மருத்துவரிடமே திருப்பி அனுப்பினேன். மருத்துவர் ஒமிப்ரசோலை நிறுத்தினார், நேரத்தையும் மாற்றினார். இப்போது அந்தக் கேப்சூல் மதியச் சோற்றுத் தூக்கோடு மலைக்குப் போகிறது.