கோயம்பேடு திறந்தாச்சு, ஆனால் எப்படித் திறந்தார்கள் என்று பாருங்கள்

வணக்கம் மக்களே. இது 2020 அக்டோபர், கொரோனா காலம். குரல் கரகரவென்று இருந்தால் பயந்துவிடாதீர்கள், காய்ச்சல் எல்லாம் இல்லை. ராத்திரி பன்னிரண்டரைக்கு எழுந்து கோயம்பேடு போய்விட்டு இப்போதுதான் கடைக்கு வந்தேன், ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், பின்னால் தெரிகிற மூட்டைகளை இன்னும் பிரிக்கக்கூட இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: எங்களுக்கு வில்லிவாக்கம் பக்கம் சின்னக் காய்கறிக் கடை, அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்க்கிறேன்.

போன வாரம் செப்டம்பர் 28-ஆம் தேதி சென்னை கோயம்பேட்டில் காய்கறி மொத்த மார்க்கெட்டைத் திறந்தார்கள் இல்லையா, அன்றிலிருந்து "அண்ணா, போனீங்களா, எப்படி இருக்கு, காய் வாங்கலாமா" என்று கமெண்ட்டில் ஒரே கேள்வி. சரி, பேசிவிடலாம்.

கொரோனா பரவியதால் மே 5-ஆம் தேதி பூட்டியது. கிட்டத்தட்ட ஐந்து மாதம். உணவு தானிய மார்க்கெட்டை மட்டும் பத்து நாள் முன்னாலேயே, செப்டம்பர் 18-ஆம் தேதி, திறந்துவிட்டார்கள். பழம் இன்னும் மாதவரத்தில்தான். காய்கறியிலும் எல்லாக் கடையும் இல்லை, பெரிய கடைகள் மட்டும் சுமார் 200. ராத்திரி லாரி உள்ளே வருகிறது, விடிவதற்குள் எங்களை மாதிரி கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். வீட்டுக்கு இரண்டு கிலோ வெங்காயம் வாங்க வருகிறவர்களுக்கு அனுமதி கிடையாது, டூவீலரையும் விடுவதில்லை. அதனால் நாங்கள் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு குட்டி யானை பேசிக்கொண்டு போகிறோம். முன்சீட்டில் டிரைவரும் ஒருத்தரும், மற்ற மூன்று பேரும் பின்னால் திறந்த தொட்டியில், குளிரக் குளிர. (போலீஸ்காரர் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தை மட்டும் ஓட்டிவிடுங்கள் சார்.)

உள்ளே போனதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூட்டம் இல்லாத கோயம்பேட்டை நான் பார்த்ததே இல்லை. அப்பா கொத்தவால்சாவடி காலத்து ஆள். அங்கே நெரிசல் தாங்காமல்தான் 1996-இல் மார்க்கெட்டை இங்கே மாற்றினார்கள். கடைசியில் இங்கேயும் அதே நெரிசல். மூட்டையோடு ஓடி வருகிறவர் "வழி வழி" என்று கத்துவார், ஒதுங்காவிட்டால் இடித்துக்கொண்டு போவார், அது கோபமில்லை, அங்கே அதுதான் நடை. அந்த இடத்தில் நோய் பரவியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஏப்ரல் கடைசியை நினைத்துப் பாருங்கள். 24-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அறிவிப்பு: 26-இலிருந்து 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு. நடுவில் இருந்தது சனிக்கிழமை ஒரே ஒரு நாள். அன்றைக்கு என் கடை வாசலில் நின்ற கூட்டத்தை நான் தீபாவளிக்கு முதல் நாள்கூடப் பார்த்ததில்லை. சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தேன், ஒரு வட்டத்துக்குள் நாலு பேர் நின்றார்கள். நானும் வியாபாரம் ஆகிறதே என்று வாயை மூடிக்கொண்டு எடை போட்டேன், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாலு நாள் கூட்டம் வரக்கூடாது என்று மூடினோம், அந்த நாலு நாள் கூட்டமும் ஒரே நாளில் வந்து நின்றது. நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறையும் என்று இன்னும் பல பேர் நம்புகிறார்கள். குறையாது, நெருக்கும். மதியம் ஒரு மணிக்குக் கடையை மூடு என்றால் பன்னிரண்டரைக்கு மொத்தத் தெருவும் உங்கள் வாசலில்தான் நிற்கும்.

அப்புறம் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் நிறையப் பேர் கடலூர், விழுப்புரம், அரியலூர் பக்கத்து ஆட்கள். வேலை போனதும் கிடைத்த காய்கறி லாரியில் ஏறி ஊருக்குப் போனார்கள், கூடவே தொற்றும் போனது. மாநிலம் முழுக்கக் கோயம்பேட்டுத் தொடர்பு என்று இரண்டாயிரத்துக்கும் மேல் கணக்கு வந்தது. டிவியில் "கோயம்பேட்டிலிருந்து வந்தவர்" என்பது கெட்ட வார்த்தை மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தெருவிலேயே ஒரு அம்மா, பத்து வருஷமாக என்னிடம் கடன் சொல்லி வாங்குகிறவர், என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். நேற்று வந்து முருங்கைக்காய் கேட்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை, கூட இரண்டு காய் போட்டுக் கொடுத்தேன்.

லோடுமேன்களைப் பழி சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு எரிகிறது. அவர்களில் பல பேருக்கு மார்க்கெட்தான் வீடு, கடை வாசலிலேயே வரிசையாகப் படுப்பார்கள். ஆறடி இடைவெளி விடு என்றால் எங்கே விடுவார்கள்? மார்க்கெட்டைப் பத்திரமாகத் திறப்பது என்றால் முதலில் அந்த ஆட்களுக்குத் தங்க இடமும், கழுவத் தண்ணீரும், அடிக்கடி பரிசோதனையும்தான். வாங்க வருகிற நான் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவேன், அவர் ராத்திரி முழுக்க அங்கேயே மூச்சு விடுகிறார்.

மே மாதம் திருமழிசையில் தற்காலிக மார்க்கெட் போட்டார்கள். திறந்தவெளி, அகலமான பாதை, காற்றோட்டம், எல்லாம் நல்ல யோசனைதான். திருச்சியில்கூடக் காந்தி மார்க்கெட்டை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்கள். பல ஊர்களில் உழவர் சந்தை பஸ் ஸ்டாண்டுக்கே போனது. பஸ் ஓடாத நேரம், இடம் சும்மாதானே கிடந்தது, விவசாயி தள்ளித் தள்ளிக் கடை போட்டார். இந்த ஊரடங்கில் எனக்குப் பிடித்த ஏற்பாடு என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன், கூரை இல்லாத இடத்தில் பத்தடி தள்ளி நின்று கத்திரிக்காய் விற்பதற்கு எந்த மெஷினும் வேண்டாம். மழைதான் சிக்கல். திருமழிசையில் மழை பெய்தால் சேறு, லாரி சிக்கும், தக்காளி அழுகும். சரக்குக்குக் கூரை வேண்டும், ஆளுக்குக் காற்று வேண்டும், இரண்டும் சேர்ந்த இடம் தேடினால்தான் சரிவரும்.

மெஷின் என்றதும் திருப்பூர் ஞாபகம் வருகிறது. ஏப்ரலில் மார்க்கெட் வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், ஆள் உள்ளே நடந்தால் மருந்து தெளிக்கும், நானே அந்த வீடியோவைப் பத்து பேருக்கு அனுப்பினேன். அப்புறம் சுகாதாரத் துறையே அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நோய் இருக்கிற இடம் மூக்கும் தொண்டையும், சட்டை மேல் தெளித்து என்ன ஆகப்போகிறது, கண் எரிந்ததுதான் மிச்சம். இப்போது எல்லாக் கடை வாசலிலும் நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி வைக்கிறார்களே, அதுவும் பாதிக்குப் பாதி சடங்குதான். ஒரு பெரிய துணிக்கடையில் எனக்கு 31 டிகிரி என்று காட்டியது. உடம்புச் சூடு நிஜமாகவே அவ்வளவுதான் என்றால் நான் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், ஆனால் "போங்க சார்" என்று உள்ளே விட்டார்கள்.

என் கடையில் என்ன செய்கிறேன் என்று கேட்டீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. காயை வாசலுக்கு வெளியே பரப்பிவிட்டேன், யாரும் உள்ளே வர வேண்டாம், பொறுக்க வேண்டாம், நீங்கள் கை காட்டினால் நான் எடுப்பேன். முதல் வாரம் பெரிய சண்டை, வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்று. நியாயமான கேள்விதான். அதனால் நானே அவர்கள் கண் முன்னால் ஒடித்துக் காட்டுகிறேன். வயதானவர்கள் வாட்ஸ்ஆப்பில் பட்டியல் அனுப்பினால் பையன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவான். மாஸ்க் மட்டும் விஷயத்தில் நான் கறார். தாடைக்குப் போட்டுக்கொண்டு வருகிறவரிடம் "அண்ணே, மூக்கு குளிருது பாருங்க" என்பேன், சிரித்துக்கொண்டே ஏற்றிவிடுவார்.

மனசில் உறுத்துவது ஒன்றுதான். மார்க்கெட்டில் சின்னக் கடைக்காரர்கள், நூற்றுக்கணக்கான பேர், இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். படிப்படியாகத் திறப்பது சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதல் படியில் எப்போதும் பெரிய கடையே ஏன் நிற்க வேண்டும்? ஒரு நாள் இந்தப் பாதி, மறுநாள் அந்தப் பாதி என்று முறை வைத்தால் கூட்டமும் கூடாது, எல்லார் வீட்டிலும் அடுப்பும் எரியும்.

கடைசியாக, சோப்பு போட்டுக் காய்கறி கழுவலாமா என்று கேட்ட அக்காவுக்கு: வேண்டாம் அக்கா, வயிற்றைக் கெடுக்கும். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், உங்கள் கைக்கு மட்டும் சோப்பு போடுங்கள். சரி மக்களே, வெளியே ஒருத்தர் கொத்தமல்லி கேட்டு ஷட்டரைத் தட்டுகிறார், மூட்டையைப் பிரித்தால்தான் எடுத்துக் கொடுக்க முடியும், போய்விட்டு வருகிறேன்.